இளங்கவிஞனும் வழிப்போக்கர் நிழற்படமும்

இளைஞன் ஒருவன் முதன்முதல் எழுதும் பாட்டு பெரும்பாலும் அவன் படித்த நூல்களிலிருந்தே பிறக்கின்றது. இதனைக் குறையெனக் கொள்ளுதல் முறையன்று. பிறர் சொல்லை எடுத்தாண்டு பழகியே எவரும் தம் சொல்லைக் கண்டடைகின்றனர். ஆயினும், படிப்பு அவனைத் தன் ஊரினின்று அப்பால் அழைத்துச் சென்று அங்கேயே விட்டுவிடுகின்றதா, அன்றித் தன் ஊரையே புதுக்கண்ணாற் காணுமாறு திருப்பிக் கொணர்கின்றதா என்பது திறனாய்வாளன் கேட்கத்தக்க வினாவாகும். அவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு மலையகத்துச் சி. வி. வேலுப்பிள்ளையின் (1914–1984) கவிதை வாழ்வு நல்லதொரு சான்று.

நுவரெலியா மாவட்டத்து மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த வேலுப்பிள்ளை, 1931இல், பதினேழு வயதளவில், ‘விஸ்மாஜினி’ என்னும் இசை நாடகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1934இல் இரவீந்திரநாத தாகூர் இலங்கைக்கு வந்தபொழுது, அவரைக் கண்டு அந்நூலைக் கையளித்தார். தோட்டத்திற் பிறந்த இளைஞன் ஒருவன் தான் போற்றிய கவிஞரிடமே தன் முதல் நூலைக் கொண்டுசென்றமை, அவனுடைய படிப்பு எத்துணை ஆழமாக அவனைப் பற்றியிருந்தது என்பதற்குக் கண்கூடான சான்று. எனினும், தேயிலைத் தோட்டம் தன் பெயராலேயே அவர் கவிதையின் பொருளாக அமைவதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

அக்காலத்தில் மலைநாட்டை வெளியுலகத்தார் பெரிதும் அறிந்தது, வழிப்போக்கர் எடுத்த நிழற்படங்களாலும் அஞ்சலட்டைகளாலுமாகும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பொளை வழியாக இராகலை வரை சென்ற சிறுபுகைவண்டிப் பாதை, 1900களின் தொடக்கத்தில், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களை வெளியுலகோடு இணைத்தது. அப்பாதை 1940களில் மூடப்பட்டது. ஆனால், அதுபோன்ற வழிகளால் வந்துசென்றோர் கொண்டுபோன காட்சி நிலைத்துவிட்டது. பச்சை மலைச்சரிவும், முதுகிற் கூடையும், சிரித்த முகத்துக் கொழுந்து பறிக்கும் பெண்ணும் சேர்ந்ததே அக்காட்சி. அப்பெண்ணின் பெயரை அவ்வட்டைகள் கூறுவதில்லை.

நிழற்படக் கலையில் ஈடிணையற்றவர் எனப் போற்றப்படும் யூலியா மாகரெட் கமரன் அம்மையாரையே ஈண்டு எடுத்துக்கொள்வோம். அவர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்கள் டெனிசன், டார்வின், ஏர்ஷல் என உரியவர் பெயராலேயே வழங்குகின்றன. இலங்கையில் எடுத்த படங்களுள் நன்கறியப்பட்ட ஒன்றோ, ‘களுத்துறைக் குடியானவர் குழு’ (1878) என்றே வழங்குகின்றது. அம்மையார் இந்நாட்டு மக்களை இகழ்ந்து நோக்கினார் என்று எவரும் கூறார். அப்படத்தில் நிற்போரிடம் ஒருவகைப் பெருமிதமும் உண்டு. குறை அவர் கருவியின் திறத்திலில்லை. படமெடுத்தார்க்கும் எடுக்கப்பட்டார்க்கும் இடையில் அமைந்த உறவிலுள்ளது. டெனிசன் அவர்க்கு நண்பர். குடியானவரோ காட்சிப்பொருள்.

வேலுப்பிள்ளையின் ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்’ என்னும் நெடும்பாட்டை இப்பின்னணியில் வைத்து நோக்கினாலன்றி அதன் வலிமை விளங்காது. ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற அப்பாட்டு 1954இல் வெளிவந்தது. அதற்கிடையில் அவர் 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டிருந்தார். அடுத்த ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், அவருக்கு வாக்களித்த மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. விடியற்காலைத் தப்பொலியும், தேயிலைச் செடியின்கீழ் நடுகல்லுமின்றி, ஒரு பூவுமின்றி மண்ணோடு மண்ணாகிய முன்னோர் நினைவும் அப்பாட்டில் ஒருங்கே ஒலிக்கின்றன. அஞ்சலட்டை காட்டிய அதே மலைச்சரிவு இங்கு இடுகாடாக மாறுகின்றது. நிழற்படம் ஒரு கணத்தைப் பிடிக்க, பாட்டோ அக்கணத்தின் பின்னுள்ள தலைமுறைகளை எழுப்புகின்றது. இந்த மண்ணில் உமக்கு உரிமை யாது எனச் சட்டம் வினவிய காலத்தில், எம்மவர் இம்மண்ணினுள்ளேயே கிடக்கின்றனர் என்பதே கவிஞர் தந்த விடை எனலாம்.

இப்பாட்டின்மேல் ஒரு தடையும் எழுப்பலாம். கொழுந்து பறித்தாருள் எத்தனைபேர் இதனைப் படித்திருத்தல் கூடும்? தடை நியாயமானதே. மீனாட்சியம்மையார் தம் கணவர் கோ. நடேசையரோடு தோட்டந்தோறும் சென்று பாடிய தமிழ்ப்பாட்டுகள் தொழிலாளர் செவிக்கு நேரே எட்டின. வேலுப்பிள்ளையின் பாட்டோ துரைமார்க்கும் நகரத்தார்க்கும் வழிப்போக்கர்க்குமே முதலில் எட்டியது. சக்தீ அ. பாலையாவின் தமிழாக்கமான ‘தேயிலைத் தோட்டத்திலே’ 1969இல் வந்த பின்னரே அப்பாட்டு தன் மக்களிடம் திரும்பியது. எனினும், படத்தைப் பார்த்தவர் மொழியிலேயே படத்தில் நின்றவர் பக்கத்து விடை சொல்லப்படவேண்டிய தேவையும் இருந்தது. இவ்விடைவெளியைக் கவிஞர் உணராமலில்லை என்பதற்கு அவர் திரட்டிய நாட்டார் பாடல்களே சான்று. ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் அத்தொகுதி அவர் மறைவுக்குப் பின் 1987இல் வெளிவந்தது. தாகூரைப் படித்துத் தொடங்கிய இளைஞன், இறுதியில் தன் மக்களின் பாட்டையே நூலாகக் கொண்டு படித்தான்.

இன்று உடப்புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து வரும் மாணவரிடம் கைபேசி உண்டு. அதில் நிழற்படக் கருவியும் உண்டு. 1954இல் வேலுப்பிள்ளைக்கு எட்டாத வசதி இது. ஆயினும் அவர்கள் எடுக்கும் படங்களிற் பல பழைய அஞ்சலட்டையையே திரும்ப எடுக்கின்றன. மூடுபனி, அருவி, தூரத்துக் கூடை என்பனவே அவற்றின் பொருள். அவர்கள் கவிதையிலும் மூடுபனி மிகுதி. லயத்தின் ஒழுகும் கூரை அரிது. தன் தாய் கொழுந்து நிறுக்கும் தராசருகே நிற்பதைப் படமெடுக்கத் தயங்கும் மகனின் கூச்சம் எளிதில் விளங்கக்கூடியதே. வழிப்போக்கன் கண்ணால் தன்னைப் பார்த்துப் பழகியவனுக்கு அக்கூச்சம் இயல்பு.

அதனைப் போக்குவது நல்ல படிப்பு. வேலுப்பிள்ளையின் பாட்டைக் கல்லூரியிற் படிப்பித்தல் வேண்டும். ஆங்கில மூலத்தையும் தமிழாக்கத்தையும் அருகருகே வைத்துப் படிப்பித்தல் வேண்டும். அதன்பின் மாணவர் தத்தம் தோட்டத்துக்குச் சென்று ஒரு படம் எடுக்கட்டும். ஒரு பாட்டு எழுதட்டும். படத்திலுள்ளவரின் இசைவைப் பெற்று, அவர் பெயரையும் அவர் கூறும் பெற்றோர், பாட்டன் பாட்டியர் பெயர்களையும் அதன்கீழ் எழுதட்டும். அங்ஙனம் எழுதப்பெறும் பெயர்கள், கமரன் அம்மையாரின் குடியானவர் படத்திலும் இல்லாதவை. செடியின்கீழ்க் கிடப்போர்க்கும் ஒருவரும் நட்டு வைக்காதவை.