போர் மீண்டோரும் பள்ளிச் சிறுவரும்: றெமார்க்கின் இரு நாவல்கள் பற்றிய ஒரு நோக்கு

போர்ப்பணி புரிந்தோரின் தொண்டினையும் தியாகத்தினையும் பள்ளிச் சிறுவர்க்கு எடுத்துரைத்தல் பல நாடுகளிலும் ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயின், எடுத்துரைப்பவர் யார், களத்திலிருந்து மீண்டவனின் சொல்லுக்கு வகுப்பறையில் இடமுண்டா என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. ஜேர்மானிய நாவலாசிரியர் எரிக் மரியா றெமார்க்கின் (1898–1970) இரு நாவல்கள் இவ்வினாக்களை முன்னிறுத்தி வாசிக்கத்தக்கவை. 1916இற் படையிற் சேர்க்கப்பட்டு, 1917இல் பிளாண்டர்ஸ் களத்திற் காயமுற்ற அவர், போரின் பின்னர் சிறிது காலம் பள்ளி ஆசிரியராகவும் பணிபுரிந்தார்.

1929இல் நூலுருப் பெற்ற ‘மேற்குப் போர்முனையில் யாதும் புதிதில்லை’ என்னும் நாவலிற் போரின் தோற்றுவாய் வகுப்பறையாகவே அமைகின்றது. கன்ரொறெக் என்னும் ஆசிரியர் தாய்நாட்டுக் கடமை பற்றி ஓயாது உரையாற்றித் தம் மாணவரைப் படையிற் சேரத் தூண்டுகின்றார். தயங்கி நின்ற ஜோசப் பேம் என்பவனே முதலில் மடிந்தோருள் ஒருவனாகின்றான். கன்ரொறெக்கைக் கொடியவராக றெமார்க் படைக்கவில்லை. தாம் அறியாத ஒன்றை அறிந்தவர்போற் கற்பித்தவராகவே படைத்துள்ளார். தியாகம் என்னும் சொல் அவர் வாயிற் பிறர் உயிரைக் கொண்டு பெருமை தேடும் சொல்லாகின்றது. அறியாமையே ஆசிரியத் தகைமையின் போர்வையில் அதிகாரம் பெறுதலே இங்கு விமர்சனத்துக்குள்ளாகின்றது எனலாம்.

1931இல் வெளிவந்த ‘திரும்பும் வழி’ இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. கலையமைதியில் முன்னைய நாவலுக்கு இது ஒப்பாகாது. நிகழ்ச்சிகள் சிதறியும், உணர்ச்சி சிலவிடங்களில் மிகுந்தும் காணப்படுகின்றன. எனினும், நாம் எடுத்துக்கொண்ட பொருளைப் பொறுத்தவரை இதுவே ஆழமானது. போர் மீண்ட இளைஞர் தம் பழைய கல்விக்கூடத்துக்குச் செல்கின்றனர். வீழ்ந்தோர் அமைதியாகத் துயில்வதாகத் தலைமை ஆசிரியர் அலங்காரமாகப் பேசுகையில், அவர்கள் அதனைப் பொறுக்காது இடைமறிக்கின்றனர். தம் தோழர் எங்ஙனம் மடிந்தனர் என்பதைக் கண்டவர்கள் அவர்களே. புகழுரை அவர்களைக் கௌரவிக்கவில்லை. அவர்களது அனுபவத்தை மறைக்கின்றது.

இவர்களுள் ஒருவனாகிய எர்ண்ஸ்ற் பின்னர் ஒரு கிராமப் பள்ளியின் ஆசிரியனாகின்றான். தன்முன் அமர்ந்திருக்கும் சிறுவரை நோக்கி, இவர்களுக்கு எதனைக் கற்பிப்பேன் எனத் தன்னுள் வினவுகின்றான். அவன் நன்கு கற்றது கொல்லும் தொழிலே. அதனைக் கற்பிக்க மனம் ஒப்பவில்லை. பழைய பாடங்களை நம்பிக்கையுடன் ஒப்புவிக்கவும் இயலவில்லை. ஈற்றில் அப்பணியைத் துறக்கின்றான். பொய்யுரைக்க மறுத்த அளவில் இது நேர்மையான செயலே.

ஆயினும் அந்நேர்மை போதுமானதா என்று நாம் வினவுதல் வேண்டும். நாவலின் இறுதிப்பகுதியிலே, காட்டிடத்துச் சிறுவர் படைவீரர்போற் பயிற்றப்படுவதைப் போர் மீண்டோர் காண்கின்றனர். எர்ண்ஸ்ற் துறந்த இடத்தைப் பிறர் நிரப்பிவிட்டனர். உண்மையறிந்தவன் மௌனியாகும்போது வகுப்பறை வெறுமையாக இருப்பதில்லை. கன்ரொறெக்கின் வழிவந்தோர் அங்கு மீண்டும் குரலெழுப்புவர். இவ்விரு காட்சிகளையும் இணைத்து நோக்குமிடத்தே நாவலின் முழுப்பொருளும் புலனாகின்றது.

பின்னர் நிகழ்ந்தவை இதனை உறுதிசெய்தன. 1933 மே 10ஆந் திகதி பேர்லினிலும் ஜேர்மனியின் பிற பல்கலைக்கழக நகரங்களிலும் நூல்கள் எரிக்கப்பட்டன. எரித்தோர் மாணவர், பேராசிரியர் சிலரும் உடனிருந்தனர். உலகப்போர் வீரரை எழுத்தாற் காட்டிக்கொடுத்தவர் என்பதே றெமார்க்கின்மீது அவர்கள் சுமத்திய குற்றம். மக்களைப் போர்க்குணத்துடன் வளர்க்கும் கல்வி வேண்டும் என்றும் முழங்கினர். களத்திற் காயமுற்றவனின் சாட்சியம், அப்போரிற் பொருதுவதற்கு வயது வந்திராத பலர் கையாலே வீரரின் பெயரால் எரியூட்டப்பட்டது.

எனவே, வீரரைப் போற்றுதலும் வீரருக்குச் செவிசாய்த்தலும் ஒன்றல்ல. போர் கண்ட எந்நாட்டிலும், காயமுற்றவனும் அஞ்சியவனும் வருந்துபவனும் தம் வாய்ப்படக் கூறுவனவற்றைச் சிறுவர் கேட்டல் வேண்டும். கேட்டபின் வினவும் உரிமையும் அவர்க்கு வேண்டும். அவ்வுரிமையற்ற பாடம், எத்துணைப் பணிவுடன் கற்பிக்கப்படினும், அடுத்த படைக்கு ஆள்சேர்ப்பதாகவே முடியும்.