சுரப்பெயர்களும் சமூகமும்: ஒரு குறிப்பு

சுரங்கள் ஒலி என்ற வகையில் இயற்கைக்குரியன. பெயர் என்ற வகையில் சமூகத்துக்குரியன. ஆயின், தமிழிசை ஆய்வில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் பெயர்கள் பெரும்பாலும் ஷட்ஜம் முதலியவற்றுக்கு எதிரே நிறுத்தப்பட்டுத் தொன்மை பேசவே பயன்பட்டுள்ளன. எது முந்தியது என்பதோடு, அப்பெயர்கள் எவ்வகைச் சமூக உறவுகளைச் சுட்டின, யாருக்குப் பயன்பட்டன என்பனவும் எமது வினாக்களாதல் வேண்டும்.

பண்டைச் சீனரின் சடங்கு நூலாகிய 'லீ ஜி'யில் உள்ள இசைபற்றிய பகுதி, ஐந்து சுரங்களுள் முதலாவதை அரசனாகவும், இரண்டாவதை அமைச்சனாகவும், மூன்றாவதையே மக்களாகவும் கொள்கிறது. அரசின் படிநிலை சுரவரிசைமீது ஏற்றப்பட்டுள்ளமை வெளிப்படை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலோ, மாதரி ஆயர் மகளிர் எழுவருக்குச் சுரப்பெயர்களை இட்டு வட்டமாக நிறுத்துகிறாள். குரல் மாயவனாகவும், இளி பலதேவனாகவும், துத்தம் நப்பின்னையாகவும் கொள்ளப்படுகின்றன. காவியப் புலவன் தீட்டிய சித்திரத்தை ஆயர் வாழ்வின் நேர்ப்பதிவாகக் கொள்ளல் பொருந்தாது. எனினும், இங்கு சுரங்களுக்கு உருவம் தந்தது அரசவையன்று, மேய்ச்சற் சமூகத்தின் வழிபாடும் கூத்துமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஐரோப்பாவில் நிகழ்ந்தது வேறு. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவியாகிய குய்தோ, அறியாத பாடலையும் விரைவிற் கற்பிக்கும் பொருட்டு, ஒரு துதிப்பாடலின் அடிகளது முதலசைகளை உத், ரே, மி, பா, சொல், லா எனச் சுரங்களுக்கு இட்டார். 19ஆம் நூற்றாண்டிற் பிரித்தானியாவில் ஜோன் கேர்வன் பரப்பிய எளிய அசைக்குறியீட்டு முறை இம்மரபில் வந்ததே. வேல்சின் தொழிலாளர் பாடற்குழுக்கள் அதனாற் பயன்பெற்றன. மிஷனரிகள் வழியே தென்னாபிரிக்காவை அடைந்த அதே முறையில், 1897இல் ஈனொக் சொந்தொங்கா இயற்றிய பாடல் பின்னர் விடுதலை இயக்கத்தின் கீதமாயிற்று. ஆதிக்கத்தோடு வந்த கருவி ஒடுக்கப்பட்டோர் கையில் வேறு பணி புரிந்தது. சீனத்திலும் 1939இல் யெனானில் ஷியான் ஷிங்ஹாய் தமது 'மஞ்சள் ஆறு' இசைத்தொகுதியை எண்களாற் சுரங்களைக் குறிக்கும் எளிய முறையிலேயே எழுதினார்.

விபுலானந்தரின் 'யாழ் நூல்' (1947) பழந்தமிழிசையை ஆய்வுக்குரிய பொருளாக மீட்டுத் தந்தது, அப்பணி பெரிது. ஆயின், ஷட்ஜத்தைக் குரலென்று மாற்றி அழைப்பதனால் மட்டும் இசை மக்களுடையதாகிவிடாது. சபையில் அமர்ந்து கேட்போர் தொகை பெருகுவதன்று, சுரமறிந்து பாடுவோர் தொகை பெருகுவதே உரைகல். அவ்வாறு பாடக் கற்பிக்கும் முறையை ஆக்காதவரை, தமிழ்ப்பெயர்களும் ஒரு சிலரின் அணிகலன்களாகவே எஞ்சும்.