ஈஸ்வரியின் மூச்சு

ஆடி மாதத்தில் பெங்களூரு பிரேசர் டவுன் பக்கம் அம்மன் கோயில் ஒலிபெருக்கி முழங்கினால், அது யார் குரல் என்று யாரும் கேட்பதில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த திரைப்படப் பின்னணிப் பாடகி எல்.ஆர். ஈஸ்வரி பாடாமல் இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற முடியாது.

1961இல் 'பாசமலர்' படத்தின் கல்யாணப் பாட்டில் கேட்ட அந்தக் குரலே பின்னால் கிளப் பாட்டுக்கும் போனது, அம்மன் பாட்டுக்கும் போனது. இரண்டிலும் ஒரே வீரியம். 'சிவந்த மண்' (1969) படத்தின் சாட்டையடிப் பாட்டைக் கேளுங்கள். அடி விழும் இடத்தில் வலியில் கத்துகிறார். மறுகணமே சுருதி பிசகாமல் வரியைப் பிடிக்கிறார். மூச்சு வாங்குவதைக்கூட மறைக்காமல் தாளத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார். பாடகி இருக்கும்போதே நடிகையும் அங்கே வந்துவிடுகிறாள்.

மெல்லிசைக் குழுக்களில் 'ஈஸ்வரி பாட்டு' பாடவென்றே ஒரு பெண் இருப்பார். மூக்கொலி, சிரிப்பு, ஹம்மிங் எல்லாம் அச்சாக வரும். பாடகி பி. சுசீலாவைப் போலப் பாடுவதற்கு இனிமை வேண்டும். ஈஸ்வரியைப் போலப் பாடுவதற்கோ துணிச்சல் வேண்டும். அதனாலேயே அவரை நகல் எடுப்பவர்களையும் எனக்குப் பிடிக்கும். சிரிப்பை எல்லோரும் பிடித்துவிடுகிறார்கள். சிரித்து முடித்த கையோடு அடுத்த சுரத்தில் நேராகப் போய் நிற்பதுதான் பலருக்கு வருவதில்லை.