வெட்டப்பட்ட முதல் அங்கம்

1962ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் ‘போக்காச்சோ 70’ என்ற இத்தாலியப் படம் திரையிடப்பட்டது. அதை எடுத்த ஃபெலினி, விஸ்கோன்டி, டி சிகா மூவரும் திரையிடலுக்குப் போகவில்லை. நான்காவது இயக்குநர் மரியோ மோனிச்செல்லி எடுத்த முதல் பகுதியைத் தயாரிப்பாளர் கார்லோ போன்டி வெட்டிவிட்டு, மூன்று கதைகளை மட்டும் கானுக்கு அனுப்பியிருந்தார். சக கலைஞனுக்காக மூவரும் காட்டிய எதிர்ப்பு அது. ஆனாலும் வெளிநாடுகளுக்கு மூன்று கதைப் பிரதியே போனது. பல ஆண்டுகளாக உலகம் பார்த்ததும் அதைத்தான். நானும் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

பல கதைகளை ஒரே படமாகக் கோக்கும் வழக்கம் இத்தாலியில் ஓங்கியிருந்த காலம் அது. ரோஸ்ஸெல்லினி 1946இலேயே ‘பைசா’வை ஆறு கதைகளில் சொல்லியிருந்தார். 1954இல் டி சிகா ‘நேப்பிள்ஸின் தங்கம்’ எடுத்தார். அறுபதுகளில் இது கிட்டத்தட்ட ஒரு தொழிலாகவே ஆனது. பல இயக்குநர்களின் பெயர் ஒரே சுவரொட்டியில் கிடைக்கும். நட்சத்திரங்களிடம் சில வாரக் கால்ஷீட் போதும். ஒரு கதை பிடிக்காவிட்டால் அடுத்தது பிடிக்கும். தயாரிப்பாளருக்கு இவ்வளவு லாபமான வடிவத்தில் கலைக்கு என்ன லாபம்? அதற்கு ‘போக்காச்சோ 70’ஐவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

படத்தின் கரு செசாரே சவாட்டினியுடையது. ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தின் திரைக்கதையாளர்களில் முதன்மையானவர் அவர். பதினான்காம் நூற்றாண்டில் ‘டெக்கமரான்’ எழுதிய போக்காச்சோ இன்று இருந்தால் காதலைப் பற்றி என்ன எழுதியிருப்பார் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. டெக்கமரானின் கதை ஒன்றுகூடப் படத்தில் இல்லை. நான்கு இயக்குநர்களும் தத்தம் கதையைத் தனித்தனியே எடுத்தார்கள். இருந்தும் மூவர் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்: காதலுக்கு யார், எவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்ற இடத்துக்கு.

மோனிச்செல்லியின் ரென்சோவும் லூசியானாவும் மிலானில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கிறார்கள். அங்கே பெண் ஊழியர் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. இருவரும் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டு, அலுவலகத்தில் முன்பின் தெரியாதவர்கள்போல நடந்துகொள்கிறார்கள். அவளை மணமாகாதவள் என்று நினைத்துக் கணக்குப் பிரிவு மேலாளர் வழிகிறார். கணவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. வாயைத் திறந்தால் வேலை போகும், வேலை போனால் தவணை நிற்கும். வீட்டுக்குப் போனால் அங்கே அவளுடைய குடும்பம் மொத்தமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீச்சல் குளத்துக்குப் போனால் ஊரே அந்தத் தண்ணீரில் நிற்கிறது. இருவருக்கும் இடையில் யாராவது ஒருவர் எப்போதும் இருக்கிறார். கடைசியில் குட்டு உடைந்து வேலை போகிறது. பிறகு சொந்தமாக ஒரு வீடு கிடைக்கிறது, வேறு வேலையும் கிடைக்கிறது; ஆனால் அவனுக்கு இரவு வேலை, அவளுக்குப் பகல் வேலை. அவன் வரும் நேரம் அவள் கிளம்பும் நேரம்.

இதன் வேர் இடாலோ கால்வினோவின் ஒரு சிறுகதை. இரவு வேலை முடிந்து வரும் கணவன், மனைவி எழுந்துபோன பள்ளத்தில், அவள் உடம்புச் சூடு ஆறுமுன் நகர்ந்து படுத்துக்கொள்கிறான். இரவில் அவள் படுக்கும்போது கணவன் பக்கத்தைக் காலால் துழாவுகிறாள். தான் படுக்கும் பக்கம்தான் கூடுதலாகக் கதகதப்பாக இருக்கிறது. பகலில் அவனும் தன் இடத்தில்தான் படுத்திருந்தான் என்று அவளுக்குப் புரிகிறது. வர்க்கத்தையும் காதலையும் பற்றி இத்தனை சிறிய இடத்தில் இத்தனை பெரிய விஷயத்தைச் சொன்ன வேறு கதை எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. திரைக்கதையில் கால்வினோவும் பங்கேற்றார். கல்யாணத்தைக் காரணம் காட்டிப் பெண்களை வேலையிலிருந்து நீக்குவதைத் தடைசெய்யும் சட்டம் இத்தாலியில் 1963 ஜனவரியில்தான் வந்தது. படம் வெளியான நாளில் லூசியானாவின் நிலை திரைக்கு வெளியிலும் இருந்தது.

விஸ்கோன்டியின் கதை அதே மிலானின் மறுகோடி. இளம் பிரபு ஒருவன் விலைமாதர் விவகாரத்தில் சிக்கிப் பத்திரிகைகளில் அடிபடுகிறான். மாளிகையில் வழக்கறிஞர்கள் கூடிப் பேசுகிறார்கள். மனைவி பூப்பே (ரோமி ஷ்னைடர்) பூனைக்குட்டிகளுக்கு நடுவே உடை மாற்றுகிறாள், தொலைபேசியில் அரட்டையடிக்கிறாள், இனி வேலைக்குப் போகப் போவதாகச் சொல்கிறாள். கணவனுக்குச் சிரிப்பு. இவளுக்கு என்ன வேலை தெரியும்? அந்தப் பெண்களிடமே கட்டணத்தை விசாரித்து வைத்திருக்கிறாள் அவள். இனித் தன்னிடம் வர வேண்டுமானால் அவனும் அதைக் கொடுக்க வேண்டும். விளையாட்டு என்று நினைத்த கணவனுக்கு அது கிளர்ச்சியாகிவிடுகிறது, காசோலை எழுதுகிறான். அந்தக் கணத்தில் அவள் கண்ணில் நீர் திரள்கிறது. அவன் மறுப்பான் என்று கடைசிவரை அவளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. மாப்பசானின் சிறுகதைதான் மூலம். ஆனால் அந்தக் கண்ணீரின் கனம் விஸ்கோன்டியுடையது. மிலானின் பழைய பிரபுக் குடும்பத்தில் பிறந்து கம்யூனிஸ்டாக வாழ்ந்தவர் அவர். அந்த அறைகளின் பட்டும் சலிப்பும் அவருக்கு உள்ளிருந்தே தெரியும்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் தொகுப்பு வடிவத்தின் பலம் தெரிகிறது. ஒருத்தி மனைவி என்பதை மறைத்து வேலையைக் காப்பாற்றுகிறாள். இன்னொருத்திக்கு மனைவி என்ற உறவே வேலையாகிவிடுகிறது. ஒருத்திக்குப் படுக்கையில் கணவனின் சூடு மட்டும் மிச்சம். இன்னொருத்திக்குக் கணவன் பக்கத்திலேயே இருக்கிறான், சூடு இல்லை. இந்த ஒப்பீட்டை எந்த வசனமும் செய்வதில்லை. இரண்டு இயக்குநர்களும் ஒரு மேசையில் அமர்ந்து திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு பொருந்தியிருக்குமா என்பது சந்தேகமே. ஒரே கதைப் படமாக இருந்தால் ஏழைத் தம்பதியும் சீமாட்டியும் எங்காவது சந்தித்தாக வேண்டும், கதை அதற்காக வளைய வேண்டும். இங்கே அவர்கள் சந்திப்பதே இல்லை, மிலானில் சந்தித்திருக்கவும் மாட்டார்கள்.

டி சிகாவின் பகுதியில் களம் ரொமாஞ்ஞா வட்டாரத்து லூகோ ஊரின் மாட்டுச் சந்தை. துப்பாக்கி சுடும் கடையில் நிற்கும் ஸோயே (சோபியா லாரன்) கடன் நெருக்கடியில் தன்னையே குலுக்கல் பரிசாக வைக்கிறாள். சந்தைக்கு வரும் ஆண்கள் ரகசியமாகச் சீட்டு வாங்குகிறார்கள். அந்த முகங்கள் அபாரம். வெயிலில் காய்ந்த, பேராசையும் கூச்சமும் கலந்த முகங்கள். பரிசு விழுவதோ ஒரு பயந்தாங்கொள்ளிக் கோயில்பிள்ளைக்கு. ஆனால் முடிவு எனக்கு ஏமாற்றம். அவளுக்கு ஓர் இளைஞன்மேல் காதல் வருகிறது. கோயில்பிள்ளை பரிசை அனுபவித்ததாகவே ஊர் நம்பிக்கொள்ள, அவனைத் தூக்கிக் கொண்டாடுகிறது. கடனும் குலுக்கலும் எழுப்பிய கேள்வி சிரிப்பில் கரைந்துபோகிறது. கேமராவும் பல இடங்களில் சீட்டு வாங்கியவர்களின் வரிசையிலேயே நிற்கிறது.

ஃபெலினியின் பகுதி தனித் தீவு. ரோமில் பால் விளம்பரப் பலகையில் படுத்திருக்கும் அனிதா எக்பெர்க், இரவில் ராட்சத உருவமாக இறங்கிவந்து, ஒழுக்கம் பேசும் டாக்டர் அந்தோனியோவை ஆட்டிவைக்கிறாள். தன் முந்தைய படமான ‘லா டோல்ச்சே வீட்டா’வைத் தூற்றியவர்களுக்கு ஃபெலினி கொடுத்த பதிலடி இது, அவருடைய முதல் வண்ணப் படைப்பும்கூட. முதல் இருபது நிமிடம் பிரமாதம். அதன்பின் சொன்னதையே சொல்கிறது. மற்ற மூன்றும் பணத்தைப் பற்றிப் பேசும்போது இது தணிக்கையைப் பற்றிப் பேசுகிறது. ஒருவர் மற்றவரின் கதையைப் படிக்கவே வேண்டாத வடிவத்தில் இப்படி ஒன்று துருத்திக்கொண்டு நிற்பதைத் தவிர்க்க முடியாது.

டெக்கமரானில் பத்துப் பேர் கொள்ளைநோய்க்குப் பயந்து ஊருக்கு வெளியே தங்கி, பத்து நாளில் நூறு கதை சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதிலாகவும் சொல்கிறார். அந்தச் சட்டகம்தான் நூறையும் பிடித்து வைத்திருக்கிறது. படத்தில் அப்படி எதுவும் இல்லை, தலைப்பு மட்டுமே பொது. ஆகவே ஒரு கதையைக் கழற்றினால் காயமே தெரியாது. சவாட்டினி கதைகளை நாடக அங்கங்கள் என்றே குறிப்பிட்டார். உடம்பின் அங்கத்தை வெட்டினால் ரத்தம் வரும், இங்கே வரவில்லை. இந்த வடிவத்தின் மிகப் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான்.

நான்கில் எது வெட்டப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். எக்பெர்க், ஷ்னைடர், லாரன் மூவரும் தப்பித்தார்கள். நட்சத்திரம் இல்லாத, தொழிலாளர் கதைதான் போனது. காதலுக்கு வர்க்கம் என்ன விலை வைக்கிறது என்று நேரடியாகக் கேட்ட கதை அது. அது போனதும் விஸ்கோன்டியின் சீமாட்டி எதிரே ஆளில்லாமல் நிற்கிறாள், அவள் துயரம் பணக்காரச் சலிப்பாகச் சுருங்குகிறது. மூன்று கதைப் பிரதியில் நான் பார்த்தது மூன்று அழகிகளையும் அவர்களைச் சுற்றும் ஆண்களையும்தான். அதை வைத்துப் பல ஆண்டுகள் இந்தப் படத்தை லேசான கேளிக்கை என்று நினைத்திருந்தேன். அந்தத் தீர்ப்பு தவறு.

‘போக்காச்சோ 70’க்கு அடுத்த ஆண்டே போன்டி தயாரிக்க, டி சிகா ‘நேற்று, இன்று, நாளை’ எடுத்தார். மூன்று கதைக்கும் ஒரே இயக்குநர். மூன்றிலும் லாரனும் நடிகர் மாஸ்த்ரோயான்னியும். நேப்பிள்ஸில் கள்ளச் சிகரெட் விற்பவள், மிலானில் ரோல்ஸ்ராய்ஸ் ஓட்டும் பணக்காரி, ரோமில் விலைமாது. முகங்கள் தொடர்வதால் படம் இறுக்கமாக நிற்கிறது, ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் வேறு இழப்பு நேர்ந்தது. ஒரே நட்சத்திரம் மூன்று வர்க்கத்தையும் நடிக்கும்போது, வர்க்கம் உடை மாற்றும் விஷயமாகிவிடுகிறது. எத்தனை முறை உடை மாற்றினாலும் லாரனை லாரனாகவே பார்க்கிறோம். லூசியானாவாக வரும் மரிசா சொலினாஸை நாம் அப்படிப் பார்ப்பதில்லை. அந்த முகத்தோடு நமக்கு முன்பழக்கம் இல்லை, மிலானில் அலுவலகப் பேருந்துக்கு ஓடும் ஆயிரம் பேரில் அவளும் ஒருத்தி.

நான்கு அங்கங்களும் சேர்ந்த பிரதி இப்போது குறுந்தட்டில் கிடைக்கிறது. படத்தைத் தேடுபவர்கள் வாங்குமுன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் லூசியானா அதில் இருக்கிறாள்.