பிழைகளை விற்பவர்கள்

போர்ச்சுகலின் வடக்கே மின்யோ பகுதியில், கல்யாண வயதை எட்டும் பெண் ஒரு சதுர லினன் துணியில் இதயம், புறா, பூ, சாவி எல்லாம் தைத்து, நடுவே சில வரிப் பாட்டும் தைப்பாள். அது அவள் விரும்பியவனிடம் போய்ச் சேரும். ஊரறிய அவன் அதை அணிந்துகொண்டால் சம்மதம் என்று பொருள். ‘காதலர் கைக்குட்டை’ என்பது அதன் பெயர். வாய்விட்டுச் சொல்ல முடியாத விருப்பத்தை அவள் ஊசியால் சொன்னாள்.

அந்தப் பாட்டுகளில் எழுத்துப்பிழைகள் ஏராளம். வடக்கத்திப் பேச்சில் ‘வி’ என்னும் எழுத்தின் ஒலி ‘பி’ போல ஒலிக்கும். துணியிலும் அப்படியே ஏறியது. காதில் விழுந்ததையே கை தைத்தது.

இன்று அதே கைக்குட்டைகளின் கோலங்கள் கைப்பை, காதணி, செருப்பு என எல்லாவற்றிலும் ஏறியிருக்கின்றன. விலா வெர்டே நகரம் இதற்கென ஒரு வணிகப்பெயரையே வளர்த்திருக்கிறது. கைவினைப் பெண்களுக்கு இதனால் வேலை கிடைப்பது நல்லதுதான். என் கேள்வி அந்தப் பிழைகளைப் பற்றியது. அவற்றைத் திருத்தாமல் அப்படியே படியெடுக்கிறார்கள். வாங்குபவர்கள் அதை வெகுளித்தனம் என்று ரசிக்கிறார்கள்.

அது வெகுளித்தனமா? சலாசார் ஆட்சியில் கட்டாயக் கல்வி நான்கு ஆண்டுகளாக உயர்ந்தது 1956இல்; அதுவும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். பெண்பிள்ளைகளுக்கு அது கிடைக்க 1960 ஆனது. அதே அரசு நாட்டுப்புறக் கைவினையைத் தேசப் பெருமையாகக் கொண்டாடி, 1948இல் லிஸ்பனில் அதற்கொரு அருங்காட்சியகமும் திறந்தது. ஆனால் 1972இல் மரியா இசபெல் பரேனோ, மரியா தெரேசா ஓர்தா, மரியா வேல்யோ த கோஸ்தா மூவரும் பெண்ணின் உடலையும் வேட்கையையும் எழுதி ‘புதிய போர்ச்சுகீசியக் கடிதங்கள்’ நூலை வெளியிட்டபோது, நூலைத் தடைசெய்து மூவர்மீதும் வழக்குப் போட்டது. 1974இல் ஆட்சி கவிழ்ந்த பிறகே அவர்கள் விடுதலையானார்கள். பிழையோடு தைத்தவள் நாட்டின் அழகு. பிழையில்லாமல் எழுதியவள் குற்றவாளி.

ஆக, அந்தப் பிழையில் இரண்டு செய்திகள் இருக்கின்றன: அவளுக்குப் பள்ளி மறுக்கப்பட்டது, அப்படியும் அவள் எழுதினாள். கைப்பையில் அச்சாகும்போது இரண்டுமே காணாமல் போகின்றன. பள்ளி முடித்த இன்றைய தையல்காரி பாட்டியின் பிழையைப் பார்த்துப் பார்த்துத் தைக்கிறாள். அவளுக்கென்று சொல்ல ஏதும் இருக்கிறதா என்று யார் கேட்டார்கள்?

ஒரு மரபை மீட்பதென்றால் அதன் கோலத்தை மட்டும் மீட்பதல்ல. அந்தக் கைக்குட்டையின் உயிர், ஒரு பெண் தன் விருப்பத்தைத் தானே சொன்னதில் இருந்தது. இன்றைய பையில் இன்றைய பெண்ணின் சொந்த வரி இருக்கட்டும். ஓரத்தில் அவள் பெயர் இருக்கட்டும். அவள் செலவிட்ட மணிநேரங்களுக்குரிய கூலி விலையில் தெரியட்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது அவளுடைய எழுத்தாக இருக்கும்.