ஒரு கட்சியே பாடும் லாவணி

விளம்பரங்களை இலக்கியப் பகுதியில் ஆராய்வதா என்று நேயர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நாடகத்தையும் நாவலையும் சீர்தூக்கிப் பார்க்கும் இப்பக்கங்களில் கைப்பேசி வியாபாரிகளின் சரக்குப் புகழ்ச்சிக்கு என்ன இடம் என்று அவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஒரு பாத்திரத்தைப் படைத்து, அதற்கு நடையும் உடையும் பேச்சும் கொடுத்து, கோடிக்கணக்கான ஜனங்களின் மனத்தில் அதைப் பதியவைக்கும் வேலையை இன்று விளம்பரக்காரரும் செய்து வருகின்றனர். காரியம் இலக்கியக் காரியமாயிருக்கும்போது அதனை இலக்கியத் தராசில் நிறுத்துப் பார்ப்பதே முறை. ஐபோன் கட்சி என்றும், ஆண்ட்ராய்டு கட்சி என்றும் ஜனங்கள் இரு பிரிவாய் நின்று ஒருவரையொருவர் எள்ளி நகையாடும் விந்தைக்கு உரமிட்ட சில விளம்பரப் படங்களை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

கட்சி கட்டி வாதாடுவதை நாம் வெறுப்பவரல்லோம். தஞ்சை நாட்டுக் கிராமங்களில் காமன் பண்டிகையையொட்டி எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணி பாடும் வழக்கத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மன்மதன் எரிந்தான் என்று ஒரு சாராரும், எரியவில்லை என்று மறு சாராரும் விடிய விடியப் பாடுவர். ஏச்சும் ஏளனமும் அதில் தாராளமாய் உண்டு. ஆனால் அவ்வாட்டத்திற்கு இரண்டு இலட்சணங்கள் இருக்கின்றன. முதலாவது, எதிர்க்கட்சிக்கும் சொந்த வாய் உண்டு. கேட்ட கேள்விக்கு அக்கட்சியின் பாடகனே பதில் சொல்லுவான். இரண்டாவது, வழக்கு மன்மதனைப் பற்றியது. கேட்டிருக்கும் ஜனங்களைப் பற்றியதன்று. எரியாத கட்சியின் பாட்டுக்குத் தலையசைத்தவன் தாழ்ந்தவன் என்று எவரும் தீர்ப்புச் சொல்லார். இவ்விரண்டையுமே நமது அளவுகோலாகக் கொள்வோம்.

கைப்பேசிச் சண்டையின் மூலம் கைப்பேசிக்கு முந்தியது. 1984-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி அமெரிக்காவில் சூப்பர் பௌல் பந்தாட்டத்தின் இடையே ஆப்பிள் கம்பெனியின் விளம்பரம் ஒன்று தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. அதை இயக்கியவர் ரிட்லி ஸ்காட். சாம்பல் நிறமாய், உயிரற்ற முகத்தினராய், வரிசை வரிசையாக மனிதர் அமர்ந்திருக்கின்றனர். எதிரே பெருந்திரையில் ஒருவன் உபதேசம் செய்கின்றான். ஓடிவரும் ஒரு பெண் சம்மட்டியை வீசித் திரையைத் தகர்க்கின்றாள். மாக்கின்டோஷ் கணினி வரப்போகின்றது என்ற அறிவிப்போடு படம் முடிகின்றது. காட்சியின் வலிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அச்சாம்பல் மனிதர் யாவர்? பிற கம்பெனியாரின் கணினியை வாங்கிய வாடிக்கைக்காரர் என்றே பார்ப்பவன் பொருள் கொள்வான். சரக்கைக் குறை கூறாமல் சரக்கு வாங்கியவனைக் குறை கூறும் வித்தைக்கு இப்படம் நல்ல முன்மாதிரியாயிற்று.

அவ்வித்தை முற்றிப் பழுத்தது 2006 முதல் 2009 வரை அதே கம்பெனி வெளியிட்ட ‘கெட் எ மேக்’ என்னும் வரிசையிலே. வெண்மையான வெறும் பின்னணியில் இருவர் நிற்கின்றனர். இறுக்கமில்லாத உடையணிந்த இளைஞன் தன்னை மேக் என்று அறிமுகம் செய்து கொள்ளுகின்றான். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த பருத்த மனிதர் தம்மைப் பி.சி. என்கின்றார். இளைஞனாய் நடித்தவர் ஜஸ்டின் லாங். மற்றவர் ஜான் ஹாட்ஜ்மன் என்னும் நகைச்சுவை எழுத்தாளர். சுருக்கமும் நகையும் நிறைந்த படங்கள் என்பதில் ஐயமில்லை. ஹாட்ஜ்மன் தம் பாத்திரத்திற்கு ஊட்டிய பரிதாபமும் கபடமின்மையும் நம் மனத்தைக் கவர்ந்தன என்றும் ஒப்புக்கொள்ளுகின்றோம். குற்றம் நடிப்பில் இல்லை. முதல் வசனத்தில் இருக்கின்றது. ‘என்னிடம் இக்கணினி இருக்கின்றது’ என்று எவனும் சொல்லவில்லை. ‘நானே இக்கணினி’ என்கின்றான். உடைமை ஆளாய்விட்டது. அதன்பின் கணினியின் குறையெல்லாம் மனிதனுடைய உடலிலும் வயதிலும் உடையிலும் ஏறிவிடுகின்றது. பி.சி. பேசுகின்ற பேச்சையும் மேக் கட்சியாரே எழுதிக் கொடுத்தனர் என்பதை மறக்கலாகாது. இரு கட்சியையும் ஒரு கட்சியே பாடும் லாவணி இது.

இவ்விடத்தில் ஓர் ஒப்புமை காட்டுவோம். இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ 1994-ம் ஆண்டில் எழுதிய ஒரு பத்திரிகைக் கட்டுரையில் மாக்கின்டோஷைக் கத்தோலிக்க மார்க்கத்திற்கும், டாஸ் முறையைப் புரொட்டஸ்டண்டு மார்க்கத்திற்கும் ஒப்பிட்டார். முன்னது பக்தனைக் கைப்பிடித்துப் படிப்படியாய் அழைத்துச் செல்லும்; பின்னது அவனவனே பொருள் கண்டு தீர்மானிக்கும்படி விட்டுவிடும் என்பது அவர் கருத்து. இதுவும் கேலிதான். ஆனால் இக்கேலி இயந்திரம் வேலை செய்யும் விதத்தைப் பற்றியது. படித்து முடித்தவனுக்குக் கணினியைப் பற்றி ஒரு விஷயம் விளங்குகின்றது, எவனும் சிறுமைப்படவில்லை. கேலியில் தரம் இன்னதென்று அறிய விரும்புவோர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

2007-ம் ஆண்டில் ஐபோனும், 2008-ம் ஆண்டில் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் விற்பனைக்கு வந்தன. பழைய சண்டை புதிய களத்துக்கு மாறிற்று. இம்முறை ஏளனத்தை ஏந்தியவர் சாம்சங் கம்பெனியார். 2011-ம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட படத்தில், புதிய கைப்பேசிக்காகக் கடை வாசலில் காத்துக் கிடப்போரைக் காண்கின்றோம். கடையின் பெயர் சொல்லப்படவில்லை, சொல்ல வேண்டுவதுமில்லை. வரிசையில் நிற்கும் ஒருவன், தான் கற்பனைத் திறமுள்ளவனாகையால் சாம்சங் தனக்குப் பொருந்தாது என்கின்றான். உடனே தோழன் ஒருவன், நீ காப்பிக் கடையில் காப்பி போடுகிறவன்தானே என்று அவன் வாயை அடைக்கின்றான்.

நேயர்கள் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். முதலில் பேசியவனுடைய தற்பெருமை சிரிப்புக்குரியதே. ஆனால் அவனை அடித்து வீழ்த்த எடுத்த தடி யாது? அவன் செய்யும் கூலி வேலை! காப்பி போடுகிறவனுக்குக் கற்பனை ஏது என்பதே அச்சிரிப்பின் உட்பொருள். பால் மரம் சீவிய கையாலேயே பாட்டெழுதியவர்களையும், பகலில் மூட்டை சுமந்து இரவில் நாடகம் போட்டவர்களையும் அறிந்த நாம் இதற்குச் சிரிக்க இயலுமா? பெருமைக்காரனைத் திருத்த வந்த கேலி, உழைப்பாளியை இழித்துவிட்டுப் போகின்றது.

அதே கம்பெனியார் 2017-ம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு படம், ஐபோன் வைத்திருந்த ஓர் இளைஞனைப் பத்தாண்டுகள் பின்தொடர்கின்றது. காதொலிக் கருவியைச் செருகும் துளையை ஐபோன் நீக்கிவிட்டதால், தனியே ஓர் இணைப்புத் துண்டைச் சுமந்து அவன் படும் பாடு காட்டப்படுகின்றது. இறுதியில் அவன் ஞானோதயம் பெற்றுக் கட்சி மாறுகின்றான். நன்று. ஆனால் 2019-ம் ஆண்டு சாம்சங் வெளியிட்ட நோட் 10 கைப்பேசியிலும் அத்துளை இல்லை! கேலி செய்தவர் கேலிக்குரியதைத் தாமே செய்தனர். அவர்களை நம்பித் தெருவில் வாதாடிய இளைஞர் என்ன பதில் சொல்லுவர்?

நடிகர் கதையும் அதுவே. மேக் ஆக நின்ற ஜஸ்டின் லாங், 2021-ம் ஆண்டில் இன்டெல் கம்பெனியின் விளம்பரங்களில் தோன்றி மேக்கையே குறை கூறினார். அவரை நாம் பழிக்கவில்லை. கூலி பெற்று வேஷங் கட்டுவது நடிகர் தொழில். கூலியின்றி வேஷங் கட்டுகிறவர்களைக் குறித்தே நமது கவலை.

இனி, நிறத்தால் ஆள் பிரிக்கும் கதைக்கு வருவோம். 2007-ல் வந்த முதல் ஐபோனில் ஒருவர் அனுப்பும் குறுஞ்செய்தி பச்சைக் குமிழில் தோன்றியது. 2011-ம் ஆண்டில் ஐமெசேஜ் என்னும் முறை வந்தபோது, ஐபோனிலிருந்து ஐபோனுக்குச் செல்லும் செய்திக்கு நீலம் தரப்பட்டது. பிற கைப்பேசிக்குச் செல்வது பச்சையாகவே நின்றது. அமெரிக்க நாட்டு இளைஞரிடையே இப்பச்சை ஓர் இழிகுறியாய்விட்டது. பச்சைக் குமிழ்க்காரன் என்றால் ஏழை, நாகரிகமறியாதவன் என்று பொருள் கொண்டனர். இதிலுள்ள நகைப்பைப் பாருங்கள். பச்சையோ நீலமோ, நிறம் பூசப்படுவது ஐபோன்காரர் தாமே எழுதி அனுப்பிய வாசகத்திற்குத்தான். எதிரிலிருப்பவர் எழுதிய வாசகம் இரண்டு வகையிலும் சாம்பல் நிறத்திலேயே வந்து நிற்கின்றது. தன் சொல்லின்மேல் தன் கருவி பூசிய சாயத்தைக் கண்டு, எதிரிலிருப்பவன் கறைபட்டவன் என்று கூறும் இவ்வறிவை என்னென்பது!

2022-ம் ஆண்டில் ஒரு கூட்டத்தில், தம் தாயாருக்குச் சலனப்படம் சரிவர அனுப்ப இயலவில்லை என்று ஒருவர் முறையிட்டபோது, ஆப்பிள் தலைவர் டிம் குக், தாயாருக்கு ஓர் ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்றார். 2024-ம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்க நீதி இலாகா ஆப்பிள்மீது தொடுத்த வழக்கிலே, இந்நிறப் பிரிவினையால் விளையும் இழிவும் ஒரு குற்றச்சாட்டாக இடம் பெற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் ஆர்.சி.எஸ். என்னும் முறையை ஆப்பிள் ஏற்றுக்கொண்டது. படங்கள் தெளிவாய்ச் செல்கின்றன. பச்சை மட்டும் மாறவில்லை.

நம் நாட்டில் பெரும்பாலோர் வாட்ஸாப்பிலேயே எழுதிக் கொள்ளுகிறோம். அங்கு எல்லோர் அனுப்புவதும் பச்சையே. ஆகையால் அந்நோய் நமக்கில்லை என்று மகிழலாமா? அண்மையில் ஒரு கலியாண மண்டபத்தில் நாம் கண்டதைச் சொல்லுகின்றோம். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண், உறவினரை நிற்க வைத்துப் படம் எடுக்கத் தன் கைப்பேசியை உயர்த்தினாள். “அக்கா, உங்க போன் வேணாம். அண்ணன் ஐபோன்ல எடுக்கட்டும்” என்றான் ஒரு சிறுவன். எல்லோரும் சிரித்தனர். அவள் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டாள். அது அவள் முதற் சம்பளத்தில் வாங்கியதென்று அவள் தாயார் பிறகு நம்மிடம் சொன்னார். சற்று நேரத்தில் அந்த அண்ணனுக்கும் பங்கு கிடைத்தது. தவணைக் கடனில் வாங்கிய பவிசு என்று பந்தியில் அவர் முதுகுக்குப் பின்னே பேசினர். அமெரிக்க விளம்பரங்கள் எழுதிக் கொடுத்த இரண்டு வேஷங்களையும் நம்மவர் பாடம் பிசகாமல் ஆடினர்.

இவர்கள் இங்ஙனம் பகைத்துக் கொண்டிருக்க, முதலாளிமார் எங்ஙனம் இருக்கின்றனர்? 2011-ல் தொடங்கி 2018 வரை ஆப்பிளும் சாம்சங்கும் நீதிமன்றத்தில் வழக்காடின. 2017-ல் வந்த ஐபோன் டென் கைப்பேசிக்குத் திரை செய்து கொடுத்ததோ சாம்சங் குழுமம். ஆண்ட்ராய்டின் உடைமைக்காரரான கூகுள், ஆப்பிள் கருவிகளில் தம் தேடுபொறி முதலிடம் பெறுவதற்காக 2022-ம் ஆண்டில் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்ததென்பது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களால் வெளிவந்தது. மேலே கொடுக்கல் வாங்கல், கீழே குடுமிப்பிடி!

கருவிகளைப் பற்றி வாதிடவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. நன்றாய் வாதிடுங்கள். எது விலை குறைவு, எது பழுது பார்க்க எளிது, எது பல்லாண்டு புதுப்பிக்கப்படும், எது நம் அந்தரங்கத்தைக் காக்கும் என்று கேளுங்கள். கண்பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் வசதியை 2009-ம் ஆண்டிலேயே ஐபோன் தந்தது, அது பெருமை. சிறு வருவாயுள்ளோர் கைக்கும் எட்டும் விலையில் பல கம்பெனியார் கருவி செய்ய ஆண்ட்ராய்டு வழி திறந்தது, அதுவும் பெருமை. இவை மன்மதனைப் பற்றிய வழக்கு. கேட்டிருக்கும் ஜனங்களைப் பற்றிய வழக்கை விட்டொழியுங்கள். பிறப்பினால் ஒருவனைத் தாழ்ந்தவன் என்பது மடமை என்று கற்றுக்கொள்ள நமக்கு எத்தனை காலம் பிடித்தது! அதைக் கற்றபின், பையிலுள்ள கருவியினால் தாழ்ந்தவன் என்று புதிதாய்த் தொடங்குவோமாயின், படித்ததெல்லாம் வீணேயாகும்.

அடுத்த கலியாணத்தில் அப்பெண் கைப்பேசியை உயர்த்தும்போது, அவள் பக்கம் திரும்பி நில்லுங்கள். நாம் வேண்டுவது அவ்வளவே.