சாரலும் சால்னாவும்

பண்பொழி திருமலைக் குமரனைக் கும்பிட்டுப் படியிறங்குபவர்களுக்கு அடுத்த நினைப்பு பெரும்பாலும் வயிறுதான். செங்கோட்டையைத் தாண்டினால் பிரானூர். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், இங்கிருந்த எல்லை நகர்ந்த பிறகும் ‘பார்டர்’ என்ற பேர் மட்டும் புரோட்டாவோடு ஒட்டிக்கொண்டது. அந்தி சாய்ந்ததும் கல் சூடேறும். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை மாஸ்டர் உள்ளங்கையால் தட்டி, விளிம்பைப் பிடித்து வீசுவார். இரண்டு மூன்று வீச்சில் அது மறுபக்கம் தெரியும் மெல்லிய துணியாகிவிடும். கொசுவம் போலச் சேர்த்துச் சுருட்டி, சற்று ஆறவிட்டு, கல்லில் போடுவார். உண்மையான கைவேலை அதற்குப் பிறகுதான். வெந்த புரோட்டாக்களை அடுக்கி, சுடச்சுட இருபுறமும் இரு கைகளால் ‘பொத் பொத்’தென்று அடிக்கிறாரே, அந்த அடியில்தான் அடுக்கடுக்காகப் பிரியும். பலம் கூடினால் நொறுங்கும், குறைந்தால் ஒட்டிக்கொள்ளும். அந்த அளவு கைக்கு மட்டுமே தெரியும். வாழை இலையில் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, ஊறும் வரை காத்திருக்க வேண்டும். பக்கத்தில் மிளகு தூக்கலாக நாட்டுக்கோழி. வெளியே சாரல் பிசுபிசுக்கும்போது அந்தச் சூடு தொண்டைவரை இதமாக இறங்கும்.

பகலில் குற்றாலம் சித்திர சபைக்குள் போய்வந்தவர்களுக்கு இன்னொன்றும் புலப்படும். அங்கே நடராசர் சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாகவே ஆடுகிறார். அந்தக் கோடுகளில் தெரியும் அதே பதறாத கை, கல்லருகே வியர்த்து நிற்கும் மாஸ்டரிடமும் உண்டு.